பத்தாயிரமாவது நாள்

கடிகாரம் பழுதுபார்க்கிறவர் கல்யாண நாளை மறந்தார் என்றால் யாராவது நம்புவார்களா? நம்ம கடிகாரக்காரர் மறந்தார். மூன்று தெரு தள்ளி எவன் கையிலாவது கடிகாரம் அரை நொடி பிந்தினால் அவர் காதில் விழுந்துவிடும். சொந்தக் கல்யாணத்துக்கு இருபத்தேழு வருஷம் நிறைந்த சத்தம் மட்டும் விழவில்லை.

மறுநாள் காலை, மனைவி டீ டம்ளரை வைத்த சத்தத்தில் விழுந்தது. வீட்டிலிருந்த பதினோரு கடிகாரமும் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் ஓடினவாம்.

மனுஷன் சட்டென்று ஒரு பொய்யை முடுக்கிவிட்டார்.

“வருஷக் கணக்கெல்லாம் மத்தவங்களுக்கும்மா. உன்கூட வாழ்ந்ததை நான் நாள் நாளா எண்ணிக்கிட்டிருக்கேன். பத்தாயிரமாவது நாள் வருது பாரு, அன்னிக்குத்தான் நமக்குக் கொண்டாட்டம்!”

அந்த அம்மாளுக்கு நூலகத்தில் வேலை. புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களின் தாமதத்தை எண்ணி எண்ணியே விரல் தேய்ந்தவள்.

“நிஜமாவா?”

“சத்தியமா.”

“சரி. அதையும் மறந்தீங்க...”

மீதியைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

கடைக்குப் போன கையோடு ரசீதின் முதுகில் கணக்குப் போட்டார். இருபத்தேழை முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கினால் ஒன்பதாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தைந்து. கல்யாண நாளிலிருந்து இன்னும் நூற்று நாற்பத்தைந்து நாள். நாள்காட்டியில் பெரிதாய் ஒரு சிவப்பு வட்டம்.

அந்த நாளும் வந்தது. மத்தியானமே கடையை மூடினார். போன வாரம் மனைவி கொடுத்த நீலச் சட்டையை இந்த நாளுக்கென்றே பிரிக்காமல் வைத்திருந்தார், போட்டுக்கொண்டார். ராப்பகலாய்த் தன் கையாலேயே சேர்த்துப் பூட்டிய சின்னக் கைக்கடிகாரத்தை அவள் முன்னால் நீட்டினார்.

“இன்னிக்கு என்ன நாள், சொல்லு பார்ப்போம்?”

“பத்தாயிரத்து ஏழாவது நாள்.”

“ஏழா?”

“லீப் வருஷத்தை எங்கே விட்டீங்க? நம்ம கல்யாணத்துக்கப்புறம் பிப்ரவரி இருபத்தொன்பது ஏழு தடவை வந்தாச்சு. உங்க பத்தாயிரம் போன வாரமே போயாச்சு.”

“அது நாலு வருஷத்துக்கு ஒருதடவை எட்டிப் பார்க்கிற நாள்ம்மா. அதையெல்லாம் யாரு கணக்குல சேர்ப்பாங்க?”

“அப்போ அந்த ஏழு நாளும் நான் சமைச்சதை யாரு சாப்பிட்டது?”

கடிகாரக்காரருக்கு ஸ்பிரிங் அறுந்தது.

“போன வாரமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீ!”

“சொன்னேனே. சட்டைப் பையைப் பாருங்க.”

பைக்குள் நூலகச் சீட்டு ஒன்று. அவள் கையெழுத்து. ‘இன்று பத்தாயிரம். இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு இன்றே வந்து நிற்கவும். தாமதமானால், தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் சமையல்.’

அவள் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டாள். காதருகே வைத்துக் கேட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

“அருமையா ஓடுதுங்க. மணி ஆறாகப் போகுது, அடுப்பைப் பத்த வைங்க.”

நீலச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். ஐந்து நிமிஷம் டப்பா டப்பாவாய்த் திறந்து பார்த்தார். பிறகு ஒரு குரல் வந்தது.

“ஏம்மா, இந்த உப்பு எங்கே இருக்கு?”

“அடுப்புக்கு இடது பக்கம். பத்தாயிரத்து ஏழு நாளா அங்கேதான் இருக்கு.”