சகலைக்குப் போட்டியாக ஒரு டீச்செடி

மற்ற எதிரிகளை நாமாகத் தேடிச் சம்பாதிக்க வேண்டும். சகலை மட்டும் தாலி கட்டும்போதே கூட வந்துவிடுகிறார். நம் மனைவியின் அக்காவைக் கட்டிய மனிதர் நம்மைவிட ஒரு மாற்றுக் குறைவாக இருந்துவிட்டால் அவரைப் போல நல்லவர் உலகத்தில் கிடையாது. என் சகலை ஞானவேல் எல்லாவற்றிலும் ஒரு மாற்றுக் கூடுதல்.

அவர் வங்கி அதிகாரி. நான் தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். அவருக்கு லாஸ்பேட்டையில் சொந்த வீடு. எனக்கு முத்தியால்பேட்டையில் வாடகை மாடி. இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன் (சத்தியமா). பொறுக்க முடியாமல் போனது அவர் டீச்செடி வளர்க்க ஆரம்பித்தபோதுதான்.

குன்னூரில் வேலை பார்த்துவிட்டு மாற்றலாகி வந்தவர், காரின் பின்சீட்டில் டீச்செடிகளைக் குழந்தைகள் மாதிரி உட்கார வைத்துக் கொண்டுவந்தார். புதுச்சேரி வெயிலில் செத்துவிடும் என்று நானும் நம்பிக்கையோடு காத்திருந்தேன். சாகவில்லை. பச்சை வலைக்குக் கீழே தொட்டிகளை வைத்தார். நம் ஊர் போர் தண்ணீர் உப்பு என்று, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றினார். (என் வீட்டில் மனுஷனுக்கே ஏசி கிடையாது. அங்கே செடி ஏசி தண்ணி குடிக்குது!)

மாதம் ஒருமுறை கொழுந்து பறித்து, வாட்டி, கசக்கி, காயவைத்து, எங்களையெல்லாம் அழைத்து டீ கொடுப்பார். பாரீசில் இருக்கும் அவர் பெரியப்பா அனுப்பிய பீங்கான் கெண்டியின் மூடியைத் திறந்து பிரெஞ்சில் "வுவாலா!" என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

என் மனைவி மல்லிகா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடுவாள். "மாமா, இந்த மாதிரி டீய நான் எங்கயும் குடிச்சதில்ல" என்பாள். திரும்பி வரும் வழியெல்லாம், ஸ்கூட்டரில் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அந்த டீயைப் பற்றியே பேசுவாள். எனக்கு வயிறு எரியும். அஜந்தா சிக்னலில் நிற்கும்போது இன்னும் அதிகமாக எரியும். காரணம், நின்றால் அவள் பேசுவது தெளிவாகக் கேட்கும்.

நானும் டீச்செடி வளர்ப்பது என்று முடிவு செய்தேன்.

எங்கள் தெருவுக்குச் செடிகளை ஏற்றிக்கொண்டு மூன்று சக்கர வண்டிக்காரர் ஒருவர் வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது மல்லிகா கனகாம்பரச் செடிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் காதுபட டீ என்று சொல்ல முடியாது. சொன்னால் உடனே அக்காவுக்குப் போன் போகும். செடி மாடி ஏறுவதற்குள் சகலைக்குத் தெரிந்துவிடும். வண்டிக்காரரை அந்தப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கிசுகிசுத்தேன்.

"அண்ணே, இல பறிக்கிற செடி ஒண்ணு வேணும். கொழுந்தக் கசக்கனா நல்லா கலர் எறங்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். மல்லிகாவைப் பார்த்தார். சிரித்தார்.

"வூட்டம்மாவுக்கா சார்?"

"அப்பிடித்தான்னு வெச்சிக்குங்க. மெதுவா பேசுங்க."

"கலரு சும்மா தூக்கும் சார். எங்க வூட்லயும் இதான்."

ஒரு தொட்டியை எடுத்துக் கொடுத்தார். பொடிப்பொடி இலைகள். டீச்செடியின் இலை பெரிதாக இருக்குமே என்று ஒரு சந்தேகம் வந்தது. நம் ஊர் வெயிலுக்குச் சுருங்கியிருக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் செடி வளர்ந்தது பாருங்கள், அப்படி ஒரு வளர்ச்சி! நிழல் வலை கேட்கவில்லை, ஏசி தண்ணீர் கேட்கவில்லை. சுட்டெரிக்கும் மொட்டை மாடியில் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு இடுப்புயரத்துக்குப் புதராக நின்றது. சகலையின் செடிகளோ முழங்காலைத் தாண்டவில்லை. தினமும் காலையில் மாடிக்குப் போய், அவருடைய செடியோடு மனதுக்குள் உயரம் ஒப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன்.

விசித்திரம் என்னவென்றால், மல்லிகா மாறிப்போனாள். மாடிக்கு வந்து செடியைப் பார்த்துத் தனியாகச் சிரித்தாள். நான் மறந்த நாளில் அவளே தண்ணீர் ஊற்றினாள். மீன் குழம்பில் தலைத்துண்டு கேட்காமலேயே என் தட்டில் விழுந்தது. ஒருநாள் துணி காயவைக்கும்போது தயங்கிக்கொண்டே கேட்டாள்:

"ஏங்க, நெசமாவே எனக்காகவா வாங்கனீங்க?"

வூட்டம்மாவுக்குத்தான் என்று வண்டிக்காரர் உளறிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"ஒனக்காகத்தான். வேற யாருக்கு?"

அவள் முகம் சிவந்துபோனது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். டீ குடிப்பதற்கு முன்பே இவ்வளவு என்றால் குடித்த பிறகு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன்.

நாள் குறித்தேன். பாகூரிலிருந்து மாமியாரை அழைத்துவர மல்லிகா ஒரு சனிக்கிழமை கிளம்பிப் போனாள். ஞாயிறு மத்தியானம் சகலை குடும்பத்துக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பிறகு டீ. யாருக்கும் சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் செடியை மொட்டையடித்தேன். "ரெண்டு இலை, ஒரு கொழுந்து" என்று சகலை சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தக் கஞ்சத்தனமெல்லாம் கிடையாது. முறத்தில் பரப்பி வாட்டினேன். காலையில் எழுந்து, அவர் செய்வது போலவே இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கசக்கினேன். கை வலிக்க வலிக்கக் கசக்கினேன். எங்கேயோ பழகிய வாசனை ஒன்று வந்தது. உயர்ந்த ரக டீ அப்படித்தான் இருக்கும். உள்ளங்கையில் சிவப்பு ஏறியது. கலர் இறங்குகிறது என்று ஒரே சந்தோஷம். பிறகு வாணலியில் போட்டு வறுத்து, மல்லிகாவும் மாமியாரும் வந்து சேர்வதற்குள் ஒளித்துவைத்தேன்.

(நடுவில் ஒரு வார்த்தை. நாங்கள் அண்ணன் தம்பிகள் மூன்று பேர். பெண் குழந்தை இல்லாத வீடு. அந்த இலையை நான் செடியில் பார்த்ததே கிடையாது. கடையில் கூம்பாக விற்பதைத்தான் பார்த்திருக்கிறேன். என் தரப்பு நியாயம் இவ்வளவுதான்.)

சாப்பிட்டு முடித்ததும் தட்டில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

"எல்லாரும் குடிங்க. நம்ம மாடியில வெளஞ்ச டீ. வுவாலா!"

மல்லிகா சட்டென்று நிமிர்ந்தாள். "மாடியிலயா?"

சகலை வழக்கம் போலக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் உறிஞ்சினார். மூடிய கண் படாரென்று திறந்தது. விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. மரியாதை தெரிந்த மனிதர். கன்னம் உப்ப அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மாமியார் டம்ளரை மூக்கோடு நிறுத்திவிட்டார். "ஏன் மாப்ள, டீயில மருதோணி வாட அடிக்குது?"

"அது வாட இல்ல அத்த. ஒரிஜினல் டீயோட மணமே இதான். கடத்தூள்ல இதெல்லாம் வராது!" என்று இரண்டு கையையும் விரித்து விளக்கினேன்.

விரித்திருக்கக் கூடாது.

"அடியே மல்லிகா!" என்று அவள் அக்கா சாந்தி அலறினாள். "ஒம் புருஷன் கையப் பாருடி! கல்யாணப் பொண்ணுக்குக்கூட இப்பிடிச் செவக்காது!"

சகலை வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினார். "யாரும் முழுங்கலயே? துப்புங்க, துப்புங்க" என்று சொல்லிக்கொண்டே மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாந்தி சுவரில் சாய்ந்து சிரித்தாள். வாய் கொப்பளித்துவிட்டு வந்த சகலை, சிரிக்கக் கூடாது என்று முயன்று, இருமலாக ஆரம்பித்து, கடைசியில் உடைந்து சிரித்தார்.

மல்லிகா மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

பின்னாலேயே போனேன். இலையில்லாத குச்சிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்காகன்னு சொன்னீங்களே. ஒரு மொழம் பூ வாங்கியாராத மனுஷன், எனக்கு மருதோணி வளக்கறாரேன்னு... எங்க தாய்மாமா பொண்ணு கல்யாணத்துக்கு வெச்சிக்கலாம்னு ஒரு இலகூடத் தொடாம இருந்தேங்க."

மீன் தலையும் வெட்கமும் ஏன் வந்தன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கீழே சிரித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை, இதுதான் சுட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஸ்கூட்டர், சிக்னல், வயிற்றெரிச்சல் எல்லாம்.

"மாமா டீ நல்லாருக்குன்னு சொன்னதுக்கா இவ்ளோ?"

"ஆமா."

"நல்லாதான் இருக்கும். அதுக்கு என்ன இப்ப?" என்றாள். ஒரு பொய்யாவது சொல்லக்கூடாதா என்றிருந்தது எனக்கு. "நீங்க எனக்கு ஒரு நாளாச்சும் டீ போட்டுக் குடுத்திருக்கீங்களா? குடுத்திருந்தா அதையும் நல்லாருக்குன்னு சொல்லியிருப்பேன்."

அவள் என் கையை இழுத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் தாங்க முடியாமல் அவளும் சிரித்துவிட்டாள்.

"நல்லா புடிச்சிருக்குங்க" என்றாள்.

மறுநாள் கம்பெனியில் எந்தப் பெட்டியை எங்கே அடுக்கச் சொல்லிக் கை காட்டினாலும், பெட்டியை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தார்கள். "சார், எங்கள யாரையும் கல்யாணத்துக்குக் கூப்பிடவே இல்ல" என்றார் மெஷின்காரர். நகம் முழுக்க வளர்ந்து வெட்டும்வரை அந்தப் பேச்சு ஓயவில்லை.

அன்றிலிருந்து காலை டீ எங்கள் வீட்டில் என் வேலை. கடையில் வாங்கிய தூள்தான். முதலில் பல நாள் ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். பிறகு ஒருநாள் "பரவால்ல" என்றாள். கண்ணை மூடவில்லை. ஆனாலும் அன்றைக்கு ஸ்கூட்டரில் விசில் அடித்துக்கொண்டே வேலைக்குப் போனேன்.

செடி மறுபடி துளிர்த்துவிட்டது. நான் அதன் பக்கமே போவதில்லை. அது மல்லிகாவின் செடி. ஒருமுறை சகலை என்னைத் தனியே அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"சகல, அந்த மருதோணிச் செடி எங்க வாங்கனீங்க? 'மல்லிகாவுக்கு அவ வூட்டுக்காரு செடி வளத்துக் குடுத்தாரு, நீங்க ஒங்களுக்குத்தான் டீ வளத்துக்கிறீங்க'ன்னு சாந்தி தெனம் ஒரே பாட்டு. காது குடுக்க முடியல."

அவர் முகத்தில் இருந்தது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். வருடக்கணக்காக நான் சுமந்த சாமான் அது.

"தெரிலயே சகல. அந்த வண்டிக்காரரு இப்பல்லாம் வர்றதே இல்ல" என்றேன். (வாரா வாரம் வர்றாரு.)

அதனால் மருதாணிக்கு இலை பறிக்கச் சாந்தி எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாள். கூடவே சகலையும் வருவார். அவருக்கு டீ நான்தான் போடுவேன். வாங்கியதும் குடிக்க மாட்டார். டம்ளரை மூக்குக்குக் கொண்டுபோய் ஒருமுறை ஆழமாக முகர்ந்து பார்ப்பார். வீடே சிரிக்கும். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, என் கையை ஒருமுறை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் குடிப்பார்.