வெள்ளைப் பூவும் என் மகளின் கல்யாண நடனமும்

இதை எழுதுவதா விடுவதா என்று சில வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. ஜெர்மனியில் ஹம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறேன். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறேன். ஆனால் எங்கள் சனத்துக்குள் இந்தக் கதை கை கால் முளைத்துத் திரிகிறபடியால், நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

என் மகள் தாரணி, லூக்காஸ் என்ற ஜெர்மன் பிள்ளையைக் கல்யாணம் செய்தாள். பகல் கோயிலில் தாலிகட்டு, பின்னேரம் மண்டபத்தில் விருந்து. விருந்தில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் முதல் நடனம் ஆட, பாதியில் பொம்பிளையின் தகப்பன் போய் மகளை வாங்கி ஆடவேண்டுமாம். அது அவர்களுடைய வழக்கம்.

“நீங்கள் வரேல்லையெண்டால் நான் நடுவில தனிய நிப்பன், அப்பா,” என்றாள்.

அதற்குப் பிறகு மறுக்க ஏலுமா? மிச்சம் ஒரு கேள்விதான்: அடி எண்ணிப் பழகி ஆடுவதா, சும்மா நின்று அசைவதா? “நீங்களும் அம்மாவும் முடிவெடுத்துச் சொல்லுங்கோ, எனக்கு ரெண்டும் சரி,” என்றுவிட்டாள்.

முடிவெடுக்க ஏலாத விஷயம் என்றால் நாங்கள் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்பு. எந்தப் பூவுக்கு என்ன முடிவு என்று மனதுக்குள் நினைத்துக் கும்பிட, ஐயர் ஒன்றை எடுத்துத் தருவார்.

“வீடு வாங்கிற விஷயமோ?” என்று ஐயர் கேட்டார்.

“அதைவிடப் பெரிசு, ஐயா.”

பிரித்தால் வெள்ளை. நானும் மனைவி சாந்தியும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினோம். அம்மன் சொன்னதைத் திரும்பக் கிண்டக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

நான் நினைத்தது, வெள்ளை என்றால் பழகு. சாந்தி நினைத்தது, வெள்ளை என்றால் பழகாதே.

அவள் அன்றே மகளுக்குப் போன் எடுத்து, “சும்மா அசைஞ்சால் காணும்,” என்று சொல்லிவிட்டாள். நான் அன்றே நிலவறைக்கு இறங்கிவிட்டேன். உடுப்புத் தோய்க்கும் மெஷினில் போனைச் சாய்த்து வைத்து, வீடியோவைப் பார்த்து, வீடு கூட்டுகிற தும்புத்தடியை மகளாக நினைத்து வால்ஸ் நடனம் பழகினேன்.

“கீழ என்ன செய்யிறியள்?”

“உடுப்புக் காயப் போடுறன்.” (காயவும் போட்டேன். பொய் இல்லை.)

மனுசன் திருந்திவிட்டது என்று சாந்தி கோயிலில் எல்லோருக்கும் சொன்னாளாம்.

விருந்தன்று லூக்காஸ் மெல்ல அசைந்தான். தாரணி கூறைச்சேலையில் மெல்ல அசைந்தாள். அவ்வளவு பழகியும் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் வருகிறதா என்று எனக்குப் பாவமாக இருந்தது. குடும்ப மானம் இனி என் கையில்தான் என்று போய், மகளைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினேன்.

“அப்பா, என்ன செய்யிறியள்?”

“பயப்பிடாதை. நான் பழகினனான்.”

“என்னத்தை?”

என் சப்பாத்து அவளுடைய சேலையின் முன்மடிப்பு, அந்தக் கொய்யகத்தின் மேல் நின்றது. மகள் சுழன்றாள், கொய்யகம் சுழலவில்லை. ஊசிகள் தெறித்தன. தாரணி பாய்ந்து என்னை இறுக்கிக் கட்டிப் பிடித்தாள்.

“அசையாதேங்கோ! இல்லை, அசையுங்கோ. கதவுப் பக்கம் போங்கோ. என்னை விட்டியளெண்டால் சேலை போச்சு.”

இப்படி ஒட்டியபடியே, நான் பின்பக்கமாக அடி வைக்க, மண்டபத்தைச் சுற்றி, உடுப்பு மாற்றும் அறைக்குள் போய்ச் சேர்ந்தோம். வெளியே ஒரே கைதட்டல். சாந்தி ஊசிப் பெட்டியோடு ஓடிவந்தாள்.

“பழக வேண்டாமெண்டு அம்மன் சொன்னவவெல்லோ!”

“பழகச் சொல்லியெல்லோ சொன்னவ!”

அப்போதுதான் இரண்டு பேரும் வாய் திறந்து கேட்டுக்கொண்டோம். தாரணி சேலையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். “பரவாயில்லை. என்னைத் தனிய விடேல்லைத்தானே,” என்றாள். எனக்கு அது காணும்.

வெளியே வந்தால், லூக்காஸின் தகப்பன் கண் கலங்கி நிற்கிறார். மகளை நெஞ்சோடு அணைத்து மண்டபத்தை விட்டே ஆடிக் கூட்டிப்போகிற இந்தத் தமிழ் வழக்கத்தைப் போல அழகான ஒன்றைத் தான் கண்டதில்லையாம். அழுகிற மனிதரிடம் ஊசியைப் பற்றி எப்படிச் சொல்வது?

போன வருஷம் லூக்காஸின் தங்கைக்குக் கல்யாணம். சம்பந்தி மகளைக் கட்டிப் பிடித்தபடி, பின்பக்கமாக ஆடி ஆடி, கதவைத் தாண்டிச் சமையலறைக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, என்னைத் தேடி, “முறைப்படி செய்தேனா?” என்று கேட்டார். “ஓம்,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். தாரணி மேசைக்குக் கீழே குனிந்துவிட்டாள்.

வாசிப்பவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள்; கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். சேலை அவிழவில்லை. நான் விழவில்லை. ஜெர்மன் பாஷையில் மட்டும் சொல்லவேண்டாம். சம்பந்தியின் தம்பி வீட்டிலும் கல்யாணம் வருகிறது. அவர் இப்போதே பின்பக்கமாக நடந்து பழகுகிறாராம்.