இருப்பதிலேயே மோசமான ஸ்கேனர்

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள உங்க கையில ஒரு ஸ்கேனர் இருக்கணும், அட்ரஸ். இல்லைன்னா திங்கக்கிழமையிலேர்ந்து உள்ளே உக்காந்து ஃபைல் அடுக்குங்க," என்றார் மேனேஜர்.

அட்ரஸ் என்பது ஆபீஸில் வைத்த பட்டப்பெயர். கடனுக்கு விண்ணப்பம் போட்டவர்கள் சொன்ன முகவரியில்தான் குடியிருக்கிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. எந்தச் சந்து பொந்தில் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். சம்பளச் சீட்டு, வாடகைப் பத்திரம், கரண்ட் பில் எல்லாவற்றையும் வாங்கித் தோள்பையில் திணித்துக்கொண்டு, சாயங்காலம் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஸ்கேன் செய்து ஆபீஸுக்கு அனுப்புவார். மறுநாள் அசலைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பார்.

"எதுக்கு சார் ஸ்கேனர்? அதான் ஜெராக்ஸ் கடை இருக்கே!"

"அங்கேர்ந்து எனக்கு வந்து சேர ஆறரை ஆகுது. மத்தவங்கல்லாம் கையோட ஒண்ணு வெச்சுக்கிட்டு, அந்த வீட்டு வாசல்ல செருப்பு மாட்டறதுக்குள்ள அனுப்பிடறாங்க. நீங்க மட்டும்தான் பேப்பரைச் சுமந்துக்கிட்டு ஊர்வலம் போறீங்க. நல்லதா ஒண்ணு பாத்து வாங்குங்க, ஆபீஸ் குடுத்துடும்."

அந்த ஊர்வலத்துக்காகத்தான் நம் ஆள் காலையில் எழுந்து சவரமே செய்துகொள்கிறார் என்பது மேனேஜருக்கு எப்படித் தெரியும்!

அந்தக் கடையை நடத்துகிறவர் ஜெராக்ஸ் மேடம். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு மேசையெல்லாம் கண்ணாடி தேடுகிற அம்மாள். தனி மனுஷி. நாற்பத்தி மூன்று வயதான அட்ரஸும் தனி ஆள்தான். அக்கா வீட்டு மாடியறையில் குடித்தனம். அவர் கடைக்குள் நுழைந்ததும் மேடம் முதலில் கேட்பது, "இன்னிக்கு எத்தனை நாய்?" என்றுதான். அன்று தன்னைத் துரத்திய நாய்களின் எண்ணிக்கை, நிறம், குணம் எல்லாம் அட்ரஸ் சொல்வார். மேடம் காகிதங்களை எடுத்துக்கொண்டு உள்தட்டிக்குப் பின்னால் போய்விடுவார். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு மட்டும் வரும். அந்தச் சிரிப்புக்காக அட்ரஸ் சில நாள் ஒன்றிரண்டு நாயைச் சேர்த்தே சொல்லியிருக்கிறார்.

மூன்று வருஷம். தினமும் இருபது நிமிஷம். இத்தனை நாளில் வேறு கஸ்டமர் யாரும் குறுக்கே வந்து தொல்லை கொடுத்ததாக அவருக்கு நினைவில்லை. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வருகிறோம் என்று தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொள்வார். ஆனால் அந்தச் சாமர்த்தியம் வாய்க்கு வரவில்லை. 'உங்களோட பேசிக்கிட்டே இருக்கணும் போல இருக்கு' என்று சொல்ல வாயைத் திறப்பார். "ரெண்டு பக்கமும் எடுத்துடுங்க" என்று வந்து விழும். என்ன செய்வது, ஊரில் எல்லார் வீட்டையும் தேடிப் பிடிக்கிறவருக்குத் தன் வாய் இருக்கும் இடம் தெரியவில்லை.

இப்போது ஸ்கேனர் வாங்கினால் கடைக்குப் போகிற வேலை இல்லை. வாங்காவிட்டால் ஃபைல் அடுக்குகிற வேலை. அப்போதும் கடைக்குப் போகிற வேலை இல்லை. முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். நேரே எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனார்.

"கையில எடுத்துட்டுப் போற ஸ்கேனர் வேணும். இருக்கறதுலயே மோசமானது எது?"

விற்பனையாளர் குனிந்து காதைக் கிட்டே கொண்டுவந்தார். "விலை கம்மியானதைக் கேக்கறீங்களா?"

"விலை எப்படி வேணா இருக்கட்டும். மோசமா இருக்கணும்."

"இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒருத்தரும் கேட்டதில்லைங்க," என்று சொல்லிவிட்டு, காகிதத்தின் மேல் கையால் இழுக்கிற குச்சி ஸ்கேனர் ஒன்றை எடுத்து வைத்தார். "கை ஆடினா படமும் ஆடும். ஒரு வாரத்துக்குள்ள கொண்டு வந்தா மாத்திக் குடுப்போம். கண்டிப்பா வருவீங்க."

அட்ரஸின் கை தாராளமாக ஆடியது. மறுநாள் மத்தியானமே மேனேஜர் போன் செய்தார்.

"நீங்க அனுப்பின அடையாள அட்டையில அந்த ஆளுக்கு ரெண்டு மூக்கு இருக்கு. எந்த மூக்குக்குக் கடன் குடுக்கறது?"

"நான் என்ன சார் பண்ணட்டும்? மெஷின் சரியில்லை. பேசாம பழையபடி..."

"இன்னிக்கு ஒரு நாள் கடையில எடுங்க. நாளைக்குச் சரி பண்ணுங்க."

அட்ரஸ் துள்ளிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினார். "பாத்தீங்களா மேடம், இந்த ஸ்கேனர் எல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது!" என்று குச்சியை மேசைமேல் போட்டார்.

மேடம் தலைமேல் இருந்த கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓ, ஆபீஸ்ல வாங்கச் சொல்லிட்டாங்களா? இது ஒண்ணும் கஷ்டமில்லைங்க. ஓரத்துல ஒரு ஸ்கேலை வெச்சு, அதை ஒட்டி இழுங்க. இழுத்து முடிக்கிற வரைக்கும் மூச்சு விடாதீங்க."

இழுத்துக் காட்டினார். மூக்கு ஒன்றுதான் வந்தது, அதுவும் எடுப்பாக வந்தது. அட்ரஸுக்கு விட வேண்டிய மூச்சும் வரவில்லை.

"சூப்பர், அட்ரஸ்! இப்படியே அனுப்புங்க," என்றார் மேனேஜர்.

குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்தால் மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வது? அடுத்த நாளே போய், பேட்டரி இல்லாமல் ஒயரில் மட்டும் ஓடுகிற ஒன்றை மாற்றி வாங்கினார். "போற வீட்ல எல்லாம் பிளக் கேக்க முடியுமா மேடம்? அதுவும் கரண்ட் இல்லாத வீடா இருந்தா?" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"உங்க பையில இருக்கற லேப்டாப்லயே சொருகுங்க, ஓடும்."

ஓடியது. சனியன் பிடித்தது, நிற்காமல் ஓடியது.

"பழைய பில்லெல்லாம் மெல்லிசா இருக்கு. உள்ளே இழுத்துக் கிழிச்சுடுது," என்று மறுநாள் வந்து நின்றார் அட்ரஸ்.

மேடம் இழுப்பறையிலிருந்து கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். "இதுக்குள்ள வெச்சு விடுங்க. கிழியாது."

அட்ரஸ் திகைத்துப்போனார். என்ன குறை சொன்னாலும் கையில் மருந்து வைத்திருக்கிறாரே! "உங்களுக்கு எப்படிங்க இதெல்லாம் தெரியும்?"

"கடை நடத்தறேன்ல," என்றார் மேடம். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல், "ஏன் இப்படி மாத்தி மாத்தி அவஸ்தைப்படறீங்க? சரியான ஒண்ணை வாங்கிடுங்க," என்று ஒரு துண்டுத்தாளில் ஒரு மாடல் எண்ணை எழுதினார். "ரெண்டு பக்கமும் ஒரே இழுப்புல எடுக்கும். பேட்டரி நாள் பூரா வரும். கனமே தெரியாது. உங்களுக்குத்தான் பை தூக்கித் தூக்கி வலது தோள் வலிக்குதே."

தோள் வலியை அட்ரஸ் அவரிடம் சொன்னதே இல்லை. ஆனால் அதை யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. "அப்ப... இனிமே..." என்று இழுத்தார்.

"இனிமே என்ன, உங்களுக்கு அலைச்சல் மிச்சம்," என்றார் மேடம். துண்டுத்தாளில் எழுத்து கொஞ்சம் கோணிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நாய்க் கணக்கைக் கேட்கவும் மறந்துவிட்டார்.

தொல்லை ஒழிந்தால் போதும் என்று நினைக்கிறார் போலிருக்கிறது! அட்ரஸ் துண்டுத்தாளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மூன்று வருஷமாக ஒருத்தன் தினமும் வந்து நாய்க்கதை அளந்தால் யாருக்குத்தான் சலிக்காது? அந்த ரோஷத்திலேயே போய் அந்த மாடலை வாங்கினார்.

அது அப்பழுக்கில்லாத ஸ்கேனர். இரண்டு மூக்கு இல்லை, ஒயர் இல்லை, கிழிசல் இல்லை. நாலு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது.

"என்னடா, வெளிச்சத்துலயே வீட்டுக்கு வந்துட்ட? வேலை போயிடுச்சா?" என்று பதறினாள் அக்கா.

"போகலை. சீக்கிரம் முடிஞ்சிடுச்சு."

"நல்லதுதானே? அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

இரண்டு நாள் சாயங்காலமும் மாடியறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். ஆறு மணி ஆனால் கால் தானாகச் செருப்பைத் தேடியது. அந்த இரண்டு நாளில் ஏழு நாய் துரத்தியிருந்தது, சொல்ல ஆள் இல்லை. அதில் ஒன்று மூன்று காலோடு துரத்தியது. மேடம் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். காதில் அந்தச் சிரிப்பு இல்லாமல் சாயங்காலம் ஓட்டுவது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு அதற்குமுன் தெரியாது.

ஒரு ஜெராக்ஸ் எடுக்கிற சாக்கில் போகலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவருக்கும் மூன்றாம் நாள் தோன்றியது. தன் பள்ளிக்கூடச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, சட்டை மாற்றி, தலை வாரி, ஓட்டமும் நடையுமாகப் போனார். ஷட்டர் இறங்கியிருந்தது. ஆறு மணிக்குக் கடை சாத்தி அவர் பார்த்ததே இல்லை. நாம் போகாததில் அவ்வளவு நிம்மதி, சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார் என்று முடிவு கட்டிக்கொண்டார். முடிவு கட்டுவதில் மட்டும் அவர் கெட்டிக்காரர்.

மறுநாள் காலை எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய் ஸ்கேனரை மேசைமேல் வைத்தார்.

"இதை எடுத்துக்கிட்டு அந்த முதல் குச்சியையே குடுங்க."

"இதுல என்னங்க கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்லை. அதான் கோளாறு."

விற்பனையாளர் பெருமூச்சு விட்டார். "உங்களோட என்னால முடியலைங்க. அந்த மாடலுக்கு இந்த வாரம் என்ன கெட்ட நேரமோ, நேத்து சாயங்காலம்தான் இன்னொண்ணும் வந்துச்சு." மேசைக்கு அடியிலிருந்து தேய்ந்துபோன ஒரு ஸ்கேனரை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே மாடல். அதே கறுப்பு.

"அது யாருக்கு என்ன கேடாம்?" என்று எரிச்சலோடு கேட்டார் அட்ரஸ்.

"அந்த ஜெராக்ஸ் கடையம்மா வித்துக் குடுக்கச் சொல்லி வெச்சுட்டுப் போனாங்க. பெரிய மெஷின் கெட்டு ரெண்டு வருஷமாச்சாம், இருந்த கஸ்டமர் எல்லாம் போயிட்டாங்களாம், ஒரே ஒருத்தர் வர்றாரேன்னு இதை வாங்கி உள்ளே வெச்சு, அவருக்காகவே தினமும் கடையைத் திறந்துக்கிட்டிருந்தாங்களாம். அந்தப் புண்ணியவான் போன வாரம் சொந்தமா ஒரு ஸ்கேனர் வாங்கிட்டானாம்!"