பதினான்கு நாள் எழுத்தாளர்

இருபத்தாறு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறேன். அதில் மோசமாக எழுதியது பதினான்கு நாட்கள் மட்டும்தான். அந்தப் பதினான்கு நாட்களும் பிறர் கேட்பதற்காக எழுதியவை.

குகட்பள்ளியில் எங்கள் காலனித் தமிழ்க் குடும்பங்கள் நடத்தும் பொங்கல் விழாவில் நாட்குறிப்பிலிருந்து சில பக்கங்கள் வாசிக்கும்படி சங்கத் தலைவர் ரங்கராஜன் கேட்டார். மறுத்திருக்க வேண்டும். (பெருமை யாரை விட்டது?) அன்றிலிருந்து பேனாவைத் திறந்தாலே எதிரே நூறு பேர் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். "6.25. பஸ் மூன்று நிமிடம் தாமதம்" என்று எழுதி நிம்மதியாக இருந்தவன், "விடியலின் மௌனத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது பேருந்து" என்று எழுதினேன். (அது ராமச்சந்திராபுரம் ஃபாக்டரிக்கு எங்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ். மேடு ஏறவே யோசிக்கும். அது எதைக் கிழிக்கப்போகிறது?) தினமும் அரை மணி நேரம் எனக்கே எனக்கென்று இருந்த சந்தோஷம், இரண்டாவது வாரத்தில் ஓவர்டைம் ஆகிவிட்டது.

விழாவில் பேருந்தை வாசித்தேன். கைதட்டினார்கள். அத்தோடு இறங்கியிருக்கலாம். ரங்கராஜன் விடவில்லை.

"போன வருஷம் நம்ம விழாவைப் பத்தியும் எழுதியிருப்பீங்களே சார், அதையும் படிங்க."

யாராவது சந்தேகம் கேட்டால் காட்டுவதற்காக ஐந்து ஆண்டு நோட்டுகளைப் பையில் கொண்டுபோயிருந்தேன். எந்த நாளையும் பத்து விநாடியில் எடுப்பேன் என்று மைக்கில் அறிவித்து, ஏழு விநாடியில் எடுத்தேன்.

"தலைவர் உரை, 31 நிமிடம். தூங்கியோர் ஒன்பது பேர், தலைவரின் மனைவி உட்பட."

முன்வரிசையில் இருந்த என் மகள் நித்யா, "அப்பா, நக்கோ... நக்கோப்பா" என்று இந்த ஊர்ப் பேச்சில் வேண்டாமென்று சொல்லி இரண்டு கைகளையும் ஆட்டினாள். தெளிவாகக் கேட்டது. ஆனால் தொடங்கிய பதிவை நடுவில் விடும் பழக்கம் எனக்கில்லை.

"தலைவர் வீட்டுப் புளியோதரையில் உப்பு இல்லை. பிரமாதம் என்று மூன்று பேரிடம் பொய் சொன்னேன்."

 பிறகு தலைவரின் மனைவி எழுந்தார்.

"முப்பத்தோரு நிமிஷம்தானா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

கூடமே வெடித்துச் சிரித்தது. ரங்கராஜன் என் கையிலிருந்து மைக்கைப் பக்குவமாக எடுத்துக்கொண்டு, "சார் களைச்சுப்போயிட்டார், உட்காரட்டும்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் என் மனைவி சுதா, "இனிமே உங்களை எவனும் மேடைக்குக் கூப்பிட மாட்டான், பாருங்க" என்றாள். அவள் திட்டினாள், எனக்கோ விடுதலைப் பத்திரம் வாசித்தது போலிருந்தது. மறுநாள் காலை, "பஸ் ஆறு நிமிடம் தாமதம்" என்று எழுதினேன். எதிரே ஒரு ஆள் இல்லை. அவ்வளவு ருசியான வரியை நான் அதற்குமுன் எழுதியதில்லை.

இப்போதெல்லாம் வீட்டுக்கு வருகிறவர்கள் நோட்டுகள் அடுக்கிய அலமாரியைப் பார்த்துவிட்டு, "படிக்கலாமா?" என்று கேட்டால் சுதாவே பதில் சொல்லிவிடுகிறாள்.

"தாராளமா. போன தடவை நீங்க வந்துட்டுப் போனதும் அதுல இருக்கு."

இதுவரை ஒருவரும் நோட்டைத் தொட்டதில்லை. என் தம்பி மட்டும் ஒருமுறை கையை நீட்டினான். கொஞ்சம் யோசித்தான். பிறகு பக்கத்திலிருந்த செய்தித்தாளை எடுத்துக்கொண்டான்.