யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்

ரகசிய எண் வந்துவிட்டது. வந்த இடத்தில்தான் கோளாறு. அது சிட்டுவின் போனுக்கு வந்திருந்தது. போன் வீட்டில், ஃபிரிட்ஜின்மேல் சார்ஜரில் கிடந்தது. சிட்டு வானொலி நிலையத்தின் மாடியில், யாருடையதோ ஒரு கணினி முன்னால் நின்றுகொண்டு, 'உங்கள் போனுக்கு அனுப்பிய எண்ணை இங்கே இடவும்' என்ற வரியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த எண்ணை இட்டால் வேலை அவளுடையது. வேறு ஊர், பெரிய நிறுவனம், இணையப் பாதுகாப்புப் பிரிவின் தலைமைப் பொறுப்பு. மாலை ஐந்து மணிக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். யோசிக்க நாள் கொடுத்திருந்தார்கள். சிட்டு ஒரு நாளையும் வீணாக்காமல் யோசித்தாள். யோசித்து முடித்து, சரி என்று தீர்மானித்தபோது அவள் பேருந்தில் இருந்தாள். போன் வீட்டில் இருந்தது.

திரும்பிப் போக வழியில்லை. 'நேயர் கேள்வி, நிபுணர் பதில்' தொடங்கப்போகிறது. ஹேக்கிங்கைப் பற்றி ஊரார் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய நிபுணர் அவள்தான். நிகழ்ச்சி முடிய ஐந்து மணி நெருங்கிவிடும். வீடு ஒரு மணி நேரத் தொலைவு.

முதல் பாட்டு ஓடத் தொடங்கியதும் நடைவழியில் இருந்த நிலையத் தொலைபேசிக்கு ஓடினாள்.

"ஹலோ" என்றாள் அம்மா.

"அம்மா, நான்தான்."

"நான்தான்னா யாரு?"

"சிட்டும்மா. போனை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன்."

"என் பொண்ணு கூப்பிட்டா அவ பேரு வருமே. இதுல வெறும் நம்பர்தானே வருது."

"போனே அங்கதானம்மா இருக்கு! ஃபிரிட்ஜ் மேல பாரு. அந்த வேலைக்கு அஞ்சு மணிக்குள்ள ஒத்துக்கணும். ஒரு நம்பர் வந்திருக்கும், படிச்சுச் சொல்லு. இல்லேன்னா வேலை போயிடும். அவசரம்."

மறுமுனையில் அம்மா ரேடியோ சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"அவசரம்னா சொல்றீங்க?" என்றாள் பிறகு, மரியாதைப் பன்மைக்கு மாறி.

"ஆமாம்மா!"

"அவசரப்படுத்தினாலே அது மோசடிதான்னு என் பொண்ணு சொல்லியிருக்கா."

சொல்லியிருந்தாள். இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே இல்லை. இப்போதெல்லாம் குரலையே நகலெடுத்துப் பேசுகிறார்கள், அதனால் குடும்பத்துக்குள் ஒரு ரகசிய வார்த்தை வேண்டும் என்று வற்புறுத்தி வைத்ததும் அவள்தான்.

சிட்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒலிப்பதிவாளர் கையில் தேநீரோடு நின்றிருந்தார். வேறு வழியில்லை.

"ஒட்டகச்சிவிங்கி" என்றாள் அடிக்குரலில்.

ஒலிப்பதிவாளர் திரும்பிப் பார்த்தார்.

"அது பழசு" என்றாள் அம்மா. "போன வாரமே மாத்திட்டேன்."

"மாத்திட்டியா? எதுக்கு?"

"அடிக்கடி மாத்தணும்னு என் பொண்ணு சொல்லியிருக்கா."

"சரி, புது வார்த்தை என்ன?"

"நல்லா இருக்கே! உங்ககிட்ட சொல்லிட்டா அப்புறம் அதுக்குப் பேரு ரகசியமா?"

"என்கிட்டயாவது சொல்லி வெச்சிருக்கணும் இல்லையா?"

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு..."

பாட்டு முடிந்துவிட்டது. அறிவிப்பாளர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் அழைத்தார்.

ஒரு பள்ளி ஆசிரியை முதலில் வந்தார். கணினியின் கேமராமேல் பொட்டு ஒட்டி வைத்திருப்பதாகவும், அது போதுமா என்றும் கேட்டார். கேமராவுக்குப் போதும், ஆனால் பொட்டு காதை அடைக்காது, மைக் என்று ஒன்று தனியாக இருக்கிறது என்றாள் சிட்டு. அடுத்து ஒரு தையல்காரர். எல்லாக் கணக்குக்கும் தன் பெயரையே பாஸ்வேர்டாக வைத்திருக்கிறாராம், தப்பா என்றார்.

"தப்புதாங்க. உடனே மாத்துங்க. முக்கியமா உங்க பேரை இங்க சொல்லாதீங்க."

பேரையும் கடை இருக்கும் தெருவையும் சொல்லிவிட்டுத்தான் அவர் பேச்சையே ஆரம்பித்திருந்தார்.

மூன்றாவது கேள்வி ஒரு கல்லூரி மாணவியுடையது. "மேடம், வீட்டு ஆளுங்க கேட்டாக்கூட ஓடிபி சொல்லக்கூடாதா?"

"சொல்லக்கூடாது" என்றாள் சிட்டு. "பெத்த பிள்ளை குரல்ல கேட்டாலும் சொல்லக்கூடாது."

அடுத்த பாட்டு. மறுபடி நடைவழி. எண்ணுக்கு ஆயுள் சில நிமிடம்தான் என்பதால் கணினியில் புதிதாக ஓர் எண்ணைக் கேட்டுவிட்டு அம்மாவை அழைத்தாள். மறுமுனையில் அம்மாவின் குரலுக்கு முன்னால் சிட்டுவுக்குத் தன் குரலே கேட்டது. வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"கேக்குதா?" என்றாள் அம்மா வெற்றிக் களிப்போடு. "என் பொண்ணு இப்ப ரேடியோல பேசிட்டிருக்கா. அப்ப நீங்க யாரு?"

"அம்மா, அது பத்து நிமிஷம் முன்னாடி பேசினது!"

"நேரடி ஒலிபரப்புன்னு அந்தத் தம்பி கணீர்னு சொன்னாரே."

நேரடிதான். ஆனால் முன்பு ஒருமுறை ஒரு நேயர் நேரலையில் தன் மாமியாரை விலாசத்தோடு சேர்த்துத் திட்டிவிட்டார். அன்றிலிருந்து எல்லா நேரடி ஒலிபரப்பும் பத்து நிமிடம் தாமதமாகத்தான் வெளியே போகிறது. இதை அம்மாவுக்குச் சொன்னபோது அது உண்மை போலவே ஒலிக்கவில்லை.

சிட்டு பல்லைக் கடித்தாள். "சரி. என் போனைத் திறக்கற நம்பரைச் சொல்றேன். போட்டுப் பாரு. திறந்துட்டா நம்புவியா?"

"போட்டுப் பார்க்கறேன்."

சிட்டு சொன்னாள். தேநீரை முடித்திருந்தாலும் ஒலிப்பதிவாளர் அங்கேயேதான் நின்றார். ஒரு நிபுணரின் போனைத் திறக்கும் எண் அத்தனை எளிமையாக இருக்குமென்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"திறந்துடுச்சு" என்றாள் அம்மா.

"அப்பாடா. பாத்தியா?"

"ஐயையோ! என் பொண்ணோட போனைத் திறக்கற நம்பர் வரைக்கும் தெரிஞ்சு வெச்சிருக்காங்களே!"

இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தாள். மணியே போகவில்லை. வேண்டாத எண்ணை எப்படித் தடுத்து வைப்பது என்று போன மாதம் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது யார் என்பதை நினைத்து, சிட்டு சுவரில் நெற்றியை லேசாக முட்டிக்கொண்டாள்.

அடுத்த இடைவேளையில் அப்பாவை அழைத்தாள்.

"சொல்லும்மா" என்றார் அப்பா.

அந்த ஒரு வார்த்தையில் சிட்டுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பா! நீங்களாவது கண்டுபிடிச்சீங்களே. உடனே ஃபிரிட்ஜ்கிட்ட போங்க, என் போனை..."

"இரு, அம்மாகிட்ட தரேன்."

"வேண்டாம்ப்பா! அம்மாகிட்ட மட்டும்..."

"இப்ப இவருக்கும் வலை விரிச்சாச்சா?" என்றது அம்மாவின் குரல். அப்பாவின் போனிலும் நிலையத்தின் எண் அத்தோடு தடைபட்டது.

அறிவிப்பாளருக்கு இரக்கம் பிறந்தது. "என்கிட்ட விடுங்க மேடம். இந்தக் குரலைத் தெரியாத வீடு இந்த ஊர்ல கிடையாது." அவர் தன் போனிலிருந்து அழைத்து, தொண்டையைச் செருமி, விளம்பரத்துக்குப் பேசுகிற குரலை எடுத்தார். "வணக்கம்மா! நான் உங்கள் அபிமான அறிவிப்பாளர் பேசுகிறேன்..."

அவர் முகம் மெல்ல வாடுவதைச் சிட்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"முதல்ல ஒரு பொம்பளை, அப்புறம் ஒரு ஆம்பளை, அடுத்து போலீஸ்காரர் பேசுவார், அதானேன்னு கேக்கறாங்க." சற்றுப் பொறுத்து, "என் குரல் அசல் மாதிரி இல்லையாம்" என்றார். அன்று முழுவதும் அவர் தேறவில்லை.

மிச்சம் இருந்தது அந்தப் புது நிறுவனம்தான். பணியாளர் பிரிவில் ஒரு பெண்மணி எடுத்தார். சிட்டு நடந்ததைச் சொல்லி, எண் இல்லாமல் வாய்மொழியாகச் சம்மதத்தைப் பதிந்துகொள்ள முடியுமா என்று கெஞ்சினாள்.

"நீங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் பெண்மணி. "குரலையே நகல் எடுக்கறாங்கன்னு இப்பதானே சொன்னீங்க? நாங்க இங்க எல்லாரும் இன்டர்நெட்ல உங்க நிகழ்ச்சியைத்தான் கேட்டுட்டிருக்கோம். ரொம்பப் பயனா இருக்கு."

"அது நான்தான்னு நீங்களே சொல்றீங்களே மேடம்."

"ரேடியோல பேசறது அவங்கதான். போன்ல பேசறது அவங்கதான்னு சொல்ல முடியுமா? யோசிச்சுப் பாருங்க, நான் இப்ப விட்டுக் கொடுத்தா, வேலைல சேர்ந்த மறுநாளே நீங்க என்னைத்தான் முதல்ல திட்டுவீங்க."

திட்டுவாள். அதில் சந்தேகமே இல்லை.

கடைசிச் சுற்று. ஐந்து மணிக்குச் சிறிது நேரமே பாக்கி. சிட்டு ஒரு கண்ணைச் சுவர்க் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு பதில் சொன்னாள். அணைத்து வைத்த போனை ஹேக் பண்ண முடியுமா? பொதுவா முடியாதுங்க, ஆனா அது நிஜமாவே அணைஞ்சிருக்கான்னு பாத்துக்கங்க. என் கணவரோட போனை ஹேக் பண்ணித் தருவீங்களா? மாட்டேங்க. சும்மா ஒரு வாரத்துக்கு? மாட்டேங்க.

"நிகழ்ச்சியின் நிறைவு நேயர்" என்றார் அறிவிப்பாளர் சோர்வாக. "சொல்லுங்கம்மா, உங்க கேள்வி?"

"வணக்கங்க. நிபுணர் அம்மா ரொம்ப நல்லாப் பேசறீங்க."

சிட்டு நாற்காலியில் நிமிர்ந்தாள். பெற்ற தாயின் குரல்.

"மத்தியானத்துலேர்ந்து ஒருத்தி என் பொண்ணு குரல்ல கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. போனுக்கு வந்த நம்பரைச் சொல்லு, சொல்லுன்னு ஒரே நச்சரிப்பு. அச்சு அசல் அவ குரலேதான். சொல்லலாங்களா?"

"அம்மா" என்றாள் சிட்டு, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அது நான்தான்!"

"இதையேதாங்க அவளும் சொல்றா."

கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அம்மா, ஒருவேளை... அது நிஜமாவே உங்க பொண்ணா இருக்கலாம் இல்லையா?"

"இருக்கலாங்க. அப்ப கொடுத்துடலாம்னு சொல்றீங்களா? ஊரே கேட்டுட்டிருக்கு. உங்க வாயால தெளிவா ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பொண்ணு குரல்ல கேட்டா நம்பரைக் கொடுக்கலாமா, கூடாதா?"

சிட்டு வாயைத் திறந்தாள். கொடுங்க. ஒரே வார்த்தை. தொலைபேசிப் பலகையில் விளக்குகள் மினுக்மினுக்கென்று காத்திருந்தன. தையல்காரர் கேட்டுக்கொண்டிருப்பார். பொட்டு ஒட்டிய ஆசிரியை கேட்டுக்கொண்டிருப்பார். நாளைக்கே எவனாவது எவள் குரலிலாவது பேசுவான். நிபுணரே கொடுக்கச் சொன்னாரே என்று எத்தனை வீட்டில் எடுத்துக் கொடுப்பார்களோ. புது நிறுவனத்தில் வேறு எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"கூடாது" என்றாள். "யார் குரல்ல கேட்டாலும் கொடுக்காதீங்க."

"ரொம்ப நன்றிங்க. இப்பதான் மனசு நிம்மதியாச்சு."

அவள் வெளியே வந்து கணினியைப் பார்த்தபோது திரையில் எண் கேட்கும் கட்டமே இல்லை. அவகாசம் முடிந்தது என்று ஒரு வரி இருந்தது. ஆர்வத்துக்கு நன்றி என்று இன்னொரு வரி இருந்தது.

வீட்டுக்குப் போகும்வரை பேருந்தில் அவளுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.

அம்மா கதவைத் திறக்கும்போதே முகமெல்லாம் பூரிப்பு. "வாடி, வா! இன்னிக்கு வீட்டுல என்ன அமர்க்களம் தெரியுமா? ஒரு கும்பலே கூப்பிட்டுது. நான் ஒருத்தருக்கும் அசைஞ்சு கொடுக்கலையே. நீ கடைசில சொன்ன பதிலும் பிரமாதம் போ."

"கூப்பிட்டது நான்தாம்மா. ஆரம்பத்துலேர்ந்து நான்தான்."

அம்மா கையை வாயில் வைத்துக்கொண்டாள். "நீயா? அப்ப அந்த வெளியூர் வேலை?"

"போச்சு."

"அடடா. நீ சொல்லிக் கொடுத்ததைத்தானே செஞ்சேன். ஒண்ணாவது மாத்திச் செஞ்சேனா, சொல்லு?"

எல்லா விதியும் சிட்டு எழுதியது. அம்மா ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. "சரி விடு, கை காலைக் கழுவிட்டு வா, சூடா சாப்பிடு" என்று அம்மா உள்ளே போனாள். சமையலறையிலிருந்து கரண்டிச் சத்தத்தோடு அம்மா மெல்லப் பாடும் சத்தமும் வந்தது.

கூடத்தில் அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். சிட்டு அவர் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"திட்டக்கூட முடியலைப்பா. சொன்னதைத்தானே செஞ்சிருக்கா. ஆனா இத்தனை வருஷம் வளர்த்த பொண்ணு குரல் கூடவா ஒரு அம்மாவுக்கு அடையாளம் தெரியாது?"

அப்பா செய்தித்தாளை இறக்கினார். சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முதல் ஹலோலயே தெரிஞ்சுடுச்சும்மா. அப்புறம் என்கிட்ட அவ கேட்டுக்கிட்டே இருந்தது ஒண்ணுதான்: மணி அஞ்சாச்சா, அஞ்சாச்சான்னு."