பரணிலிருந்து இறங்கிய டிவியும் என் பக்கத்து நியாயமும்

பெய்ரூட்,
சனிக்கிழமை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அதீபா பெரியம்மா அவர்களுக்கு,

உங்கள் கைகளை முத்தமிட்டுத் தங்கை மகள் ருவைதா எழுதுவது.

இன்று காலை கண் விழித்ததும் நான் முதலில் செய்தது காப்பிக்கு அடுப்புப் பற்றவைப்பது அல்ல. முகம்கூடக் கழுவாமல் கூடத்துக்குப் போய், டிவியின் இரண்டு மரக்கதவுகளையும் திறந்து, குமிழைத் திருப்பிவிட்டு, அது சூடாகும்வரை எதிரே நின்றேன். முதலில் ஒரு முனகல், பிறகு கண்ணாடிக்குள் சாம்பல் நிற விடியல், பிறகு முழுத் திரையிலும் ஒரு மனிதர் வானிலை சொல்லிக்கொண்டிருந்தார். நான் நலமாக இருக்கிறேன் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. கூரைமேல் தண்ணீர்த் தொட்டியும் நலம். லிப்ட் மட்டும் நீங்கள் பிரேசிலுக்குக் குடிபோன வருடத்தில் படுத்தது, இன்னும் எழவில்லை. சாவோ பாவ்லோவில் உங்கள் முழங்காலும் பெரியப்பாவின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க இறைவனை வேண்டுகிறேன்.

போன ஞாயிறு தொலைபேசியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "ஏண்டி, பொண்டாட்டி செத்த மனுஷன் வீட்டுல புகுந்து டிவியத் தூக்கிட்டு வந்துட்டியாமே?" என்றீர்கள். நான் விளக்கமாகத்தான் பதில் சொன்னேன். உங்கள் காதில் அது விழாமல், "திருப்பிக் குடுத்துடு, இங்க தெருவுல தலைகாட்ட முடியல" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். பிரேசிலில் ஒரு தெருவில் உங்களால் தலைகாட்ட முடியவில்லை என்றால் அதற்குக் காரணம் அந்தத் தெருவில் குடியிருக்கும் லோரிஸ். லோரிஸ் எங்கள் மூன்றாம் மாடி ஓதெத் அக்காவின் தங்கை. ஓதெத் அக்காவுக்கு இங்கே மின்சாரம் இல்லாத நேரத்திலும் எப்படியோ தொலைபேசி வேலை செய்கிறது. ஆகவே நடந்ததை எழுத்தில் தருகிறேன். நாளை விமானம் ஏறும் என் சக ஆசிரியை இதை உங்கள் கையிலேயே சேர்ப்பாள்.

பக்கத்து வீட்டு அபூ நதீமை உங்களுக்கு நினைவிருக்கும். மூத்த மகன் நதீம் கனடாவில் இருக்கிறான், மனைவி இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு தவறிவிட்டார். மழை தொடங்கிய வாரம், குளியலறைக்கு மேலே இருக்கும் பரணிலிருந்து ஹீட்டரை எடுத்துத் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். ஏணியில் ஏறினேன். ஹீட்டருக்குப் பின்னால், ஒரு பழைய மெத்தைக்கு அடியில், நான்கு மெலிந்த கால்களோடு ஒரு டிவி. வால்நட் மரப் பெட்டி, பித்தளைப் பிடி, நம் ஊருக்கு டிவி வந்த புதிதில் வாங்கிய ஜெர்மன் செட். இயற்பியல் வாத்தியாரம்மா நான், என்னால் சும்மா இருக்க முடியுமா? "அபூ நதீம், என்ன அழகு இது!" என்றேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் நாமெல்லாரும் சொல்வதைச் சொன்னார். "உன்னோடதுதான் மகளே, எடுத்துக்கோ."

பெரியம்மா, இந்த இடத்தில்தான் லோரிஸ் என்மேல் வழக்குப் போடுகிறாள். ஒருவர் வீட்டுக் குவளையைப் புகழ்ந்தால் குவளை உன்னுடையது என்பார்கள், உங்கள் கையில்தான் அழகு என்போம், அவர்கள் சத்தியம் செய்வார்கள், நாம் நெஞ்சில் கைவைப்போம், குவளை அலமாரியிலேயே இருக்கும். எனக்கு இது தெரியாதா? நாற்பத்து நான்கு வயதுவரை "உங்க கையிலதான் அழகு" என்று சொல்லியே வளர்ந்தவள் நான். உங்கள் பச்சைக்கல் மோதிரத்துக்கும் அதையேதான் சொன்னேன், நீங்களும் மோதிரத்தோடு பிரேசிலுக்குப் போய்விட்டீர்கள். என் வீட்டில் இருக்கும் நாற்காலி அம்மா தேர்ந்தெடுத்தது, திரைச்சீலை அத்தை கொடுத்தது, வேலைகூட அப்பாவின் நண்பர் பார்த்து வைத்தது. எனக்கு வேண்டும் என்று வாய்விட்டு நான் எதையும் எடுத்துக்கொண்டதில்லை. அன்று ஏணியின் உச்சியில், தலை முழுக்கத் தூசியோடு, "சரி, எடுத்துக்கறேன், ரொம்ப நன்றி" என்று என் வாய் சொல்லிவிட்டது. கீழே ஏணி ஒருமுறை ஆடியது. அவ்வளவுதான் நடந்தது. புகுந்ததும் இல்லை, தூக்கியதும் இல்லை. அவரே ஒரு பக்கம் பிடித்து என் கூடம்வரை கொண்டுவந்து வைத்தார். "கதவ வெடுக்குனு இழுக்காதே, கொஞ்சம் தூக்கித் திற" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலைக் காப்பிக்கு வழக்கம்போல ஓதெத் அக்கா வந்தாள், அபூ நதீமும் வந்தார். அவர் அதற்கு முன் காலைக் காப்பிக்கு வந்ததே இல்லை, அது பெண்கள் கூடும் நேரம். வந்தவர் என்னைப் பார்த்து உட்காரவில்லை, டிவியைப் பார்த்து உட்கார்ந்தார். "மப்ரூக், உன் டிவி" என்று வாழ்த்துச் சொன்னார். அந்த "உன்"னை அவர் சொன்ன விதத்தில் காப்பி ஆறிவிட்டது. அன்றிலிருந்து தினமும் வந்தார். நான் பின்பலகையைக் கழற்றி எலி கட்டிய கூட்டை அள்ளும்போது, "எங்க வீட்டுல இருந்தப்ப எலி கிடையாது" என்றார். மெழுகு வடிந்த பழைய கண்டென்சர்களை ஒவ்வொன்றாக வெட்டிப் புதியதை ஸோல்டரிங் செய்து பற்றவைக்கும்போது, அவருடைய பல்லைப் பிடுங்குவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓதெத் அக்கா பிஸ்தா பலகாரத்தை வாயில் போட்டுக்கொண்டு, "கண்ணே, இத விட்டுட்டு ஒரு புருஷனத் தேடினா இந்நேரம் கெடச்சிருப்பான்" என்றாள். "புருஷனுக்குக் கண்டென்சர் மாத்த முடியாது அக்கா" என்றேன். அபூ நதீம் சிரிக்காமல் இருக்கப் படாதபாடு பட்டார்.

பழுதுபார்ப்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. ஒரு குண்டு பல்பைத் தொடரில் கோத்து, மின்சாரம் ஒரேயடியாகப் பாயாமல் சிறிது சிறிதாக ஊட்டுவதுதான் என் திட்டம். செட்டின் முதுகில் மின்னழுத்தத்தை மாற்றும் ஒரு திருகு உண்டு. பழைய பெய்ரூட்டின் நூற்றுப் பத்தில் நின்றிருந்த அதை, ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்துவிட்டு இருநூற்று இருபதுக்குத் திருப்புவதாக இருந்தேன். ஆனால் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், நாளுக்கு ஓரிரு மணி நேரமே எட்டிப்பார்க்கும் அரசாங்க மின்சாரம் வந்துவிட்டது. நீங்கள் இங்கிருந்து போய் வெகுகாலம் ஆகிறது, அந்தக் காட்சியை நீங்கள் பார்த்ததில்லை. "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று மாடிக்கு மாடி கூச்சல் எழும். துவைக்கிற இயந்திரம், இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் மோட்டார் என்று வால் முளைத்த எல்லாவற்றையும் மக்கள் ஓடி ஓடிச் சுவரில் செருகுவார்கள். ஓதெத் அக்கா உதவி செய்யும் மனசு கொண்டவள். நான் தண்ணீர் மோட்டாரைப் போட ஓடிய நேரத்தில் கூடத்தில் சொருகாமல் கிடந்த ஒரே வயரை அவள் எடுத்துச் சொருகிவிட்டாள். டப் என்று ஒரு சத்தம், வெங்காயம் கருகியதுபோல ஒரு புகை. அபூ நதீம் எழுந்து நின்றுவிட்டார். "கொன்னுட்டீங்களே!" என்றார். ஓதெத் அக்கா, "நானா? மின்சாரம் வந்தா சொருகணும், அது தப்பா?" என்று அழ ஆரம்பித்தாள். இதைத்தான் லோரிஸ், நான் டிவியைக் கொளுத்திவிட்டதாக உங்களிடம் சொல்லியிருக்கிறாள். எரிந்தது ஒரு ஃபியூசும் விரல்நீள ரெசிஸ்டரும்தான். ஃபியூஸ் தன் வேலையைச் செய்தது, அதைப் பாடத்தில் சொல்லிக்கொடுப்பவளே நான்.

பிறகு ஒரு வால்வு தேவைப்பட்டது, பழைய செட்டுகளுக்குள் பல்புபோல எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழாய். பூர்ஜ் ஹம்மூத் கடைத்தெருவில் பழைய ரேடியோ சாமான் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்து, "மேடம், வீட்டுக்காரர அனுப்புங்க, அவருக்கு வெளக்கிச் சொல்றேன்" என்றார். "வீட்டுக்காரர் ஸ்டாக்குல இல்ல, வால்வு இருக்கா?" என்றேன். இருந்தது.

மறுபடி போட்டபோது வெள்ளையாக ஒரு படுக்கைக் கோடு மட்டும் தெரிந்தது. "நாடி நின்னுபோன மாதிரி இருக்கு" என்றாள் ஓதெத் அக்கா. அதைச் சரிசெய்து, இன்றைய ஒளிபரப்பை அதற்குப் புரியும்படி மாற்றித்தர ஒரு சின்னப் பெட்டியையும் இடையில் இணைத்துப் போட்டபோது, வீடே இருண்டது. தெரு ஜெனரேட்டர்காரரிடம் நான் வாங்குவது ஐந்து ஆம்பியர், அதற்குமேல் இழுத்தால் சுவிட்ச் விழுந்துவிடும். வெந்நீர் போட்டிருந்ததை மறந்துவிட்டேன். சுவிட்ச் கீழே வாசலில் இருக்கிறது, லிப்டின் நிலைமைதான் தெரியுமே, நான்கு மாடியும் இறங்கினேன். மாடிக்கு மாடி கதவைத் திறந்து, "என்ன டீச்சர், டிவியா?" என்று கேட்டார்கள். "வெந்நீர்" என்றேன். ஒருவரும் நம்பவில்லை, என் பின்னாலேயே ஏறி வந்துவிட்டார்கள். திரும்பி ஏறிவந்து போட்டேன். வந்தது, பெரியம்மா! செய்தி வாசிப்பவரின் முகம் வந்தது. நெற்றி மட்டும் ஒரு முழம் நீண்டிருந்தது. "இப்படிப் பார்த்தா அறிவாளியாத் தெரியறாரு" என்றாள் ஓதெத் அக்கா. பின்னால் இருந்த குமிழை அரைத் திருப்புத் திருப்பினேன், நெற்றி தன் அளவுக்கு வந்து நின்றது. கட்டடமே கைதட்டியது. என் வாழ்க்கையில் என் கைவேலைக்கு யாரும் கைதட்டியது அதுவே முதல் தடவை.

அபூ நதீம் கைதட்டவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்ன அழகாப் பண்ணியிருக்கே" என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முறை தெரியாதவளா நான்? "உங்களோடதுதான், எடுத்துக்கோங்க" என்றேன். "உன் வீட்டுலதான் அழகு" என்றார். "சத்தியமா எடுத்துக்கோங்க" என்றேன். "இருக்கட்டும் மகளே, கண்ணுக்கு நெறைவா இருக்கு" என்றார். நான் உண்மையாகவே சொல்கிறேன் என்று காட்ட மூன்றாம் முறையும் சொன்னேன், அதுதான் தப்பாகப் போயிற்று. முகம் சிவந்து எழுந்தார். "குடுத்தத திரும்ப வாங்குற குடும்பமா நாங்க? எங்கப்பா பேரென்ன, என் பேரென்ன?" என்று கேட்டுவிட்டு, காப்பியைப் பாதியில் வைத்துப் போய்விட்டார். அதற்குப் பிறகு காலையில் வருவதில்லை. படிக்கட்டில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார், அதுவும் என் செருப்புக்குச் சொல்வதுபோல.

ஆக, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். கேட்காமல் எடுத்தேனா? இல்லை. திருப்பித் தரமாட்டேன் என்றேனா? இல்லை. அவர் வாசலில் கொண்டுபோய் வைத்தால் அது அவர் முகத்தில் அறைவதாகும், இந்த ஜென்மத்தில் என்னோடு பேசமாட்டார். அவரோ கேட்கமாட்டார், கேட்டால் அவர் அபூ நதீம் இல்லை. எனவே டிவி என்னுடையது, சட்டப்படியும் முறைப்படியும் ஸோல்டரிங்படியும். என் கூடத்தில் ராணிபோல உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கடிதத்தை லோரிஸுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டவும். டிவியை எரித்தவள், களவாடியவள் என்ற இரண்டு பட்டத்தையும் அவள் வாபஸ் வாங்கவேண்டும். இந்தக் கட்டடத்தில் எதையும் ஓடவைக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதையும் சேர்த்துச் சொல்லவும்.

பெரியப்பாவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளின் கன்னங்களுக்கு முத்தங்கள். இறைவன் உங்கள் நிழலை எங்கள் தலைமேல் நீட்டித்துத் தரட்டும்.

என்றும் உங்கள் செல்லம்,
ருவைதா

பின்குறிப்பு: மேலே உள்ளதை லோரிஸுக்குப் படித்துக் காட்டாதீர்கள். யாருக்குமே காட்டாதீர்கள். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

கடிதத்தை முடித்துவிட்டு, நதீம் கனடாவிலிருந்து அனுப்பி என் தபால் பெட்டியில் மாறி விழுந்திருந்த வாழ்த்து அட்டையைக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. மகன் வாங்கித் தந்த பெரிய தட்டை டிவி துணி போர்த்திக் கிடந்தது. அபூ நதீம் தன் நாற்காலியைக் கொண்டுபோய் எனக்கும் அவருக்கும் பொதுவான சுவரை ஒட்டிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் என் டிவியில் மதியச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, நான் அணைக்க மறந்திருந்தேன். செய்தி வாசிப்பவர், "நேயர்களுக்கு வணக்கம்" என்றார். அபூ நதீம் சுவரைப் பார்த்து, "உங்களுக்கும்" என்றார். என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்து, "இங்க நல்லா காத்து வருது" என்றார். அந்தச் சுவரில் ஜன்னல் கிடையாது. "ஆமா, நல்ல காத்து" என்று நானும் சொன்னேன்.

நாளை காலை, ஓதெத் அக்கா காப்பிக்கு வருவதற்கு முன், செட்டின் பின்பலகையைத் திறந்து ஒரு வால்வைக் கழற்றப்போகிறேன். அந்த செட்டில் ஒன்று கழன்றால் எல்லாமே அணைந்துவிடும். அக்காவைச் சாட்சியாக வைத்துக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "என்னால முடியல அபூ நதீம், என் அஞ்சு ஆம்பியர் இதுக்குத் தாங்கல, உங்களுக்குப் பத்து இருக்கு. எனக்காக உங்க வீட்டுல கொஞ்ச நாள் வெச்சுக்குவீங்களா? இல்லேன்னா குப்பையிலதான் போடணும்" என்று கேட்பேன். கொடுத்ததைத் திருப்பி வாங்க அவரால் முடியாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி உதவி கேட்டால் மறுக்கவும் அவரால் முடியாது. அங்கே வைத்தபின், ஒருமுறை பார்க்கிறேன் என்று பின்னால் குனிந்து வால்வைப் பொருத்திவிடுவேன்.

உடனே ஓடும். டீச்சர் அவ்வளவு பாடுபட்டும் நின்றுபோனது கிழவர் வீட்டில் கால் வைத்ததும் ஓடியது என்று ஓதெத் அக்கா அன்றைக்கே பிரேசிலுக்குச் சொல்லுவாள். லோரிஸ் வந்து சிரித்தால், நீங்களும் சேர்ந்து சிரியுங்கள். ருவைதாவுக்கு ஒன்றும் தெரியாது, அவளுக்கு எதற்கு ஸோல்டரிங் என்று சொல்லுங்கள். இதை உங்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. ஒரே ஒரு கவலைதான். அவர் வீட்டில் அது ஓடும்போது நான் ஆச்சரியப்பட வேண்டும். கண்ணாடி முன் நின்று இரண்டு முறை பழகிப் பார்த்தேன், இன்னும் பெருமைதான் தெரிகிறது.