பீரங்கியை எடுத்துவிடலாமா என்று கேட்ட மாப்பிள்ளைக்கு

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். என் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீங்களும் என் மகளும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன். இரண்டாவதை நம்பவில்லை, இருந்தாலும் எழுதுவதுதான் மரியாதை.

நீங்கள் செய்துகொண்டிருக்கும் சண்டை கேமை அனுப்பிவிட்டு, "கேமே தொட்டுப் பாக்காதவங்களுக்கு இது எப்படி இருக்குன்னு தெரியணும் மாமா. மேடையில இருக்கிற பீரங்கியைத் தூக்கணும்னு எங்க மேலதிகாரி ஒத்தக்கால்ல நிக்கிறார். திங்கட்கிழமை முடிவு. இதுல என் சொந்த யோசனைன்னு இருக்கிறதே அது ஒண்ணுதான்" என்று போனில் சொன்னீர்கள். வேலையில் இருந்தவரை லிஃப்ட்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தவன் நான். ஆளை மேலே தூக்குகிற எதைப் பார்த்தாலும் எனக்குக் கை துறுதுறுக்கும். அதனால் பொறுப்பாகவே இறங்கினேன்.

முதலில், மேடையில் ஏறி நின்றால் ஆளை எகிற வைக்கும் ஸ்பிரிங் பலகை. கேமில் நான் கரடி, உங்கள் அத்தை கொக்கு. எந்த லிஃப்ட்டானாலும் எடை ஏற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை என்பதால் கரடியை ஏற்றினேன், பறந்தது. கொக்கை ஏறச் சொன்னேன், அதுவும் அதே உயரம்! யார் நின்றாலும் அந்த ஸ்பிரிங்குக்கு ஒன்றுதானா, இல்லை ஆளைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்கிறதா? தலை சுற்றியது, ஆனால் விட மனசு வரவில்லை. கல்லைப் போட்டேன், எகிறியது. வெடிகுண்டைப் போட்டேன், அதுவும் எகிறி நேராக என்னிடமே வந்து சேர்ந்தது. சுவரில் பக்கவாட்டில் ஒன்று வைத்திருக்கிறீர்களே, அதில் முதுகைக் கொடுத்தா என்ன ஆகும்னு கொடுத்துப் பாத்தேன், எதிர்ச் சுவர்ல போய் அப்பிக்கிட்டேன். இதுக்கு நடுவுல உங்க அத்தை என்னை அடிச்சுக்கிட்டே இருக்கா. "கொஞ்சம் இரும்மா, சோதனை நடக்குது"ன்னேன். "உங்க சோதனை முடியற வரைக்கும் என் கொக்கு கையைக் கட்டிக்கிட்டு நிக்குமா?"ன்னு கேட்டு மேல ரெண்டு கொத்து.

அடுத்து உங்கள் பீரங்கி. மேடை ஓரத்தில் இருக்கிறது, குழாய் மேலும் கீழும் மெல்ல ஆடுகிறது, ஆள் உள்ளே இறங்கினால் வெளியே யாராவது திரியைத் தட்டும்வரை அப்படியே இருக்கலாம். இறங்கினேன். உள்ளே இருப்பவனை யாரும் அடிக்க முடியாது என்று தெரிந்ததும் அப்பாடா என்று இருந்தது.

"என்னங்க, உள்ள போய் உக்காந்துக்கிட்டு என்ன பண்றீங்க?"

"எத்தனை பேர் ஏறலாம்னு எங்கயாவது எழுதியிருக்கான்னு பாக்கிறேன்."

"நீங்க உள்ள பாருங்க, நான் வெளிய பாக்கிறேன்"ன்னு சொல்லிட்டுத் திரியைத் தட்டிட்டா மாப்பிள்ளை! கரடி மேகத்தையெல்லாம் தாண்டிப் போய், ஒரு நட்சத்திரமா மினுக்குன்னு மின்னிட்டு மறைஞ்சுடுச்சு. மேடையை விட்டு அப்படிப் பறந்துட்டா தோல்வியாம். உங்க அத்தை சோபாவுல சாஞ்சு சிரிக்கிறா, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. எனக்கோ வேறு கவலை. குழாய் எந்தக் கோணத்தில் இருந்தால் எவ்வளவு தூரம்? திரும்ப இறங்கினேன், திரும்பவும் நட்சத்திரம். அடி நிறைய வாங்கியபின் இறங்கினால் இன்னும் தூரம் போகிறது, அடிபட்டால் கரடிக்கு எடை குறைகிறதா என்ன? அதைக் கண்டுபிடிக்க மறுபடி இறங்கினேன். இப்படி ஆராய்ச்சி செய்தே எல்லா ஆட்டத்திலும் தோற்றேன். பீரங்கி இல்லாத மேடையில் ஒரே ஒரு ஆட்டம் ஆடினேன், சுலபமாக ஜெயித்தேன்.

ஆகவே என் முடிவு: உள்ளே நிறுத்தும் பொத்தான் இல்லை, கைப்பிடி இல்லை, ஏறியவன் கதி வெளியே நிற்பவள் கையில். இது ஆபத்தான சாதனம், எடுத்துவிடுங்கள். உங்களுக்கு மனசு கஷ்டப்படும் என்று தெரியும், எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலை விஷயத்தில் நான் உறவு பார்த்ததில்லை.

நீங்கள் இருவரும் எந்தத் தளத்திலும் சிக்கிக்கொள்ளாமல், குலுங்காமல் மேலே மேலே போக வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்.

பி.கு: இதைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்புவதற்குள், என் சிபாரிசு சரிதானா என்று பார்க்க, பீரங்கி இல்லாத மேடையிலேயே இன்னும் சில ஆட்டம் போட்டோம். எல்லாவற்றிலும் நான்தான் ஜெயித்தேன். "நல்லாத்தான் ஆடுறீங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, உங்கள் அத்தை எழுந்து உள்ளே துணி மடிக்கப் போய்விட்டாள். நான் ரிட்டயர் ஆனதிலிருந்து இங்கே இப்படித்தான், அவள் ஒரு அறை, நான் ஒரு அறை. அப்புறம் பீரங்கி இருக்கிற பழைய மேடையைப் போட்டு, கரடியை நானே பீரங்கிக்குள் இறக்கிவிட்டு, "ஏம்மா, நான் உள்ளதான் இருக்கேன்" என்று குரல் கொடுத்தேன். மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். மேலே எழுதினதையெல்லாம் மறந்துடுங்க. பீரங்கியை மட்டும் எடுத்துடாதீங்க மாப்பிள்ளை.